முந்தின படம்

ஓசூரில் யாரிடமாவது, நான் பல்சர் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், எந்தக் கம்பெனியில் என்று கேட்பார்கள். அந்தப் பெயரில் ஒரு பைக் ஓடுவதால் வந்த வினை. என் சின்ன மாமனார் ஒருமுறை, "மைலேஜ் எவ்ளோம்மா குடுக்குது?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். "நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் மாமா, பெட்ரோலே வேண்டாம்" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதன்பிறகு என்னிடம் வண்டிப் பேச்சே எடுப்பதில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் சாகும்போது அதன் நடுப்பகுதி நசுங்கி, ஒரு நகரத்தின் அளவே உள்ள உருண்டையாக மிஞ்சும். அதுதான் பல்சர். வெடிப்பு எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் கூடுதலாக உதைத்துவிட்டால் உருண்டை மறுபக்கம் பிய்த்துக்கொண்டு ஓடும். அது ஓடுகிற வழி வெட்டவெளி என்று நாம் நினைப்போம். அங்கேயும் மெல்லிய வாயு இருக்கிறது. பல்சரிலிருந்து எப்போதும் துகள்கள் காற்றுபோல வீசிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றும் எதிரே வரும் வாயுவும் முட்டிக்கொள்ளும் இடத்தில் வாயு வில்லாக வளைந்து நின்று மங்கலாக ஒளிரும். பின்னால் நீளமாக ஒரு வால் இழுபடும்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தூணில் தண்ணீர் முட்டும்போது முன்பக்கம் நுரை வளைந்து நிற்கும், பின்பக்கம் வாலாக நீளும். இதில் ஒரு சங்கதி உண்டு. நுரையின் வடிவத்தை மட்டும் பார்த்தால் தூண் ஓடுகிறதா, தண்ணீர் ஓடுகிறதா என்று தெரியாது. ஒன்றுக்கொன்று எப்படி ஓடுகிறது என்பதுதான் தெரியும். என் தூக்கத்தைக் கெடுத்தது இந்தச் சங்கதிதான்.

நான் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையம் எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில். ஒப்பந்த வேலை. அந்த வருடத்தோடு முடிவதாக இருந்தது. நீட்டிப்பார்களா இல்லையா என்பதை, நான் ஒரு திங்கட்கிழமை கொடுக்கவிருந்த உரையைக் கேட்டுவிட்டு ஒரு குழு முடிவு செய்யும். என் கணவருக்கு சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. அவர்கள் குஜராத்தில் புது பிளான்ட் திறக்கிறார்கள், வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வேலை நீண்டால் அவர் போகமாட்டார். நீளாவிட்டால் மத்திகிரி வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு இரண்டு பேரும் போவோம். அங்கே எனக்கு வானம் இருக்கும், வேலை இருக்காது. முப்பத்தாறு வயதில் இந்தத் துறையை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பொதுவாகவே நான் பயந்தாங்கொள்ளி. பயப்படக் காரணம் ஒன்றும் இல்லாத நாட்களில், ஏன் ஒன்றும் இல்லை என்று பயப்படுகிற ரகம்.

எங்களிடம் ஒரு பல்சரின் இரண்டு படங்கள் இருந்தன. சில வருட இடைவெளியில் எடுத்தவை. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பல்சர் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். படங்களைச் சுத்தம் செய்து, ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரும்படி செய்துகொடுத்தது என்னோடு வேலை செய்யும் ஆனேக்கல் பெண். அந்த வேலையில் படத்தோடு ஒட்டியிருந்த தேதி விவரமெல்லாம் உதிர்ந்துபோய், ஏ, பி என்ற இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின.

அவளுக்கு வீட்டில் பேசுவது கன்னடம், எனக்குத் தமிழ். ஆனால் நாங்கள் பேசிக்கொள்வது தலைகீழ். நான் அவளோடு கன்னடத்தில் பேசுவேன், ஏனென்றால் அது அவள் மொழி. அவள் என்னோடு தமிழில் பேசுவாள், ஏனென்றால் அது என் மொழி. இரண்டு பேரும் அடுத்தவருக்கு மரியாதை செய்வதிலேயே குறியாக இருப்போம். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் எதிராளியின் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்கிற ஊர்.

போனில் அவளைக் கூப்பிட்டு, "ஏ யாவுதம்மா?" என்று, ஏ எந்தப் படம் என்பதைக் கன்னடத்தில் கேட்டேன்.

"ஏ முந்தின இமேஜ், அக்கா" என்றாள்.

சரி என்று வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். வந்த விடை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வில் ஒரு பக்கம் இருக்கிறது, பல்சர் எதிர்ப்பக்கம், வால் இருக்கும் திசையில் ஓடுகிறது. ஓடுகிற ஆள் முதுகுப்பக்கமாக ஓடுவதுபோல.

தப்பாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கணக்கை மறுபடி மறுபடி போட்டேன். சுற்றியுள்ள நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்த்தேன். அதே விடை. கோப்பைத் தோண்டித் தேதியைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டதை யாராவது தோண்டிப் பார்ப்பார்களா?

விளக்கம் கிடைத்தது ஆடி மாதத்தில். அப்பா வீட்டுக்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். முதுகில் காற்று தள்ளு தள்ளு என்று தள்ளியது. என் சக்கரம் கிளப்பிய புழுதி பின்னால் போகாமல் என்னைத் தாண்டி முன்னால் ஓடியது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பல்சர் ஓடுகிற அதே திசையில், அதைவிட வேகமாக, வாயு பின்னாலிருந்து அடித்தால்? அப்போது வில் முதுகுப்பக்கம் வரும், வால் முன்னால் நீளும். வேறெங்கோ ஒரு வெடிப்பு அந்த வாயுவைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். படத்தில் தேடினேன். ஒரு மூலையில் மங்கலாக ஏதோ தெரிந்தது. தேடுகிறவர்களுக்கு எப்போதும் ஏதோ ஒன்று மங்கலாகத் தெரியத்தான் செய்யும், ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் துள்ளிக் குதித்தார். மைசூர்க்காரர், சென்னையில் படித்தவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற ஆள். பார்க்கிறவர்களிடமெல்லாம் என் ரிவர்ஸ் கியர் பல்சரைப் பற்றிச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை உரைக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வருவதாக ஏற்பாடு. எல்லாரும் சந்தோஷமாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்த்தேன். "நல்லது நடக்கும்போது கூடவா உனக்கு வயித்தக் கலக்குது?" என்றார் என் கணவர். அவ்வளவு வேகத்தில் ஒரு பல்சர் ஓட, அதையும் முந்துகிற வேகத்தில் வாயு அடிப்பதா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

உரைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா குங்குமச் சிமிழோடு மாடியேறி வந்தார். கன்னடம் பேசுகிற குடும்பம், எங்களோடு தமிழ் கலந்து பேசுவார்கள். எனக்குக் குங்குமம் வைத்துவிட்டு, "முந்தின பானுவாரம் நம்ம மகளுக்கு சீமந்தம். ரெண்டு பேரும் தப்பாம வரணும்" என்றார்.

என் கணவர் சேலத்துக்காரர். ஓசூருக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் கன்னடம் அவருக்கு ஒட்டவில்லை. பானுவாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் தெரியும். அவர் முகம் வாடிவிட்டது.

"முந்தின ஞாயித்துக்கிழமையா? அது போயிருச்சேங்க! மாடியிலதான இருந்தோம், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

கீழ்வீட்டு அம்மா ஒரு நொடி முழித்தார். பிறகு சிமிழைக் கட்டிலில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, போகலப்பா! நாளைக்கு விட்டு அடுத்த பானுவாரம்! எங்க பாஷையில முந்தினன்னா இனிமே வர்றது. உங்க பாஷையிலதான் அது போனது!"

என் கணவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முந்தின. ஒரே சொல், ஒரே உச்சரிப்பு. தமிழில் போனது, கன்னடத்தில் வரப்போவது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், பள்ளிக்கூடத்தில் இதை வைத்து விளையாடியே இருக்கிறோம். ஆனால் ஆனேக்கல் பெண் "முந்தின இமேஜ்" என்று சொன்னபோது, அவள் கன்னடத்துக்காரி ஆயிற்றே என்று என் காது அதைக் கன்னடமாகவே வாங்கிக்கொண்டது. ஏ என்பது பிறகு எடுத்த படம் என்று எடுத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு அம்மா படியிறங்கும்வரை பொறுக்க முடியவில்லை. பால்கனிக்குப் போய் ஆனேக்கல் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். அன்று முதல்முறையாக அவளிடம் தமிழில் பேசினேன்.

"அன்னிக்கு ஏ முந்தின இமேஜ்னு சொன்னியே, அது தமிழ்லயா கன்னடத்துலயா?"

"தமிழ்லதான்க்கா! உங்ககிட்ட நான் என்னிக்காச்சும் கன்னடம் பேசியிருக்கேனா?"

"அப்ப ஏ தான் பழசு."

"ஆமா, பழசு. ஏன்க்கா?"

அவளே புரிந்துகொண்டு, "ஐயோ, அக்கா" என்றாள். மறுநாள் காலையில் அவள் நிலையத்துக்கே போய் மூலக் கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்துச் சொன்னாள். சந்தேகமே இல்லை. படங்களை முன்பின்னாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். அம்புக்குறியை அப்படியே திருப்பினால் பல்சர் வில் இருக்கும் பக்கம், எல்லாப் பல்சரும் ஓடுகிற மாதிரி, சமர்த்தாக ஓடியது. பின்னாலிருந்து அடித்த காற்றும் இல்லை, தள்ளிவிட்ட வெடிப்பும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு பக்கம் அவமானம், இன்னொரு பக்கம் அந்தக் குரல் இத்தனை நாளாகச் சரியாகத்தான் கேட்டது என்ற ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தலைவரின் போன் அணைந்து கிடந்தது. விமானத்தில் இருந்திருக்கிறார். என் கணவர் குஜராத்துக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்று வாய்விட்டு யோசிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் உரையைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினேன். புதிதாகச் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் வால்தான் இருந்தது. வால் ஒரே அகலமாக இல்லை. ஓரிடத்தில் புடைத்து, ஓரிடத்தில் ஒடுங்கி இருந்தது. திசை தலைகீழாக இருந்தவரை நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. திசை சரியானதும் அதற்கு அர்த்தம் வந்தது. பல்சர் கடந்துவந்த வழியில் வாயு எங்கே மெலிந்திருந்தது, எங்கே அடர்ந்திருந்தது என்பதை அந்தப் புடைப்பும் ஒடுக்கமும் காட்டலாம். காட்டலாம், அவ்வளவுதான். இன்னும் படங்கள் வேண்டும், இன்னும் ஒரு வருட வேலை வேண்டும். அந்த ஒரு வருடம்தான் என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை காலை தலைவரின் அறை வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "சரி, போய் பேசு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேசினேன். முதலில் நாங்கள் நினைத்தது தவறு, படங்களின் வரிசை மாறிவிட்டது என்றேன். அரங்கில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முன்வரிசையில் ஒருவர், "அப்படியானால் இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டார். வாலைக் காட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினேன். எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. கைதட்டல் மரியாதைக்குத் தட்டியதா, மனதோடு தட்டியதா என்று கண்டுபிடிக்கிற நிலையில் நான் இல்லை. பிறகு என் வேலையை முடிவு செய்யும் குழுவினர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சாயங்காலம்வரை யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தலைவர் லிஃப்டுக்குள் நின்றிருந்தார், காதில் போன், கையில் ஒரு கட்டுக் காகிதம். என்னைப் பார்த்ததும் போனிலிருந்து வாயை எடுத்து, "முந்தின வர்ஷ, இதே ரூம் தானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும்தான் அது என்னை வந்து அறைந்தது. தமிழில் என்றால், போன வருடம் உனக்கு இதே ரூம்தானே இருந்தது. வேறு யாருக்கோ ரூம் ஒதுக்கக் கேட்கிறார், என் கதை முடிந்தது. கன்னடத்தில் என்றால், வரும் வருடமும் உனக்கு இதே ரூம் போதும்தானே. இதே, ரூம், தானே, மூன்றும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். வருஷம் என்றாரா, வர்ஷ என்றாரா? வர்ஷ என்றுதான் என் காதில் விழுந்தது. ஆனால் அவர் தமிழ் பேசும்போதும் கடைசி எழுத்தை முழுங்குகிறவர். என் காதை நான் நம்புவதாக இல்லை.

அத்திப்பள்ளி தாண்டும்வரை அந்த ஐந்து சொற்களையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் நான் ஏதோ சுலோகம் சொல்வதாக நினைத்து ஒதுங்கி இடம் விட்டார். தமிழர்கள் நாம் போனதை முன்னால் வைத்துக்கொள்கிறோம். முன்பு, முன்னோர், முந்தின. வரப்போவதையெல்லாம் முதுகுக்குப் பின்னால் வைக்கிறோம். பிறகு, பின்னாளில். எனக்கு அது அப்படியே பொருந்தும் என்று தோன்றியது. செய்த தப்பெல்லாம் கண் முன்னால் வரிசையாக நிற்கிறது, வரப்போவது என்னவென்று தெரியாமல் முதுகு கூசுகிறது. கன்னடக்காரர்கள் பல்சர் மாதிரி, வருவது முன்னால், போனது வாலில். அன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது.

ஓசூர் பஸ் நிலையத்தில் என் கணவர் வண்டியோடு நின்றிருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"போன் பண்ணிக் கேளு."

"எப்படிங்க கேக்கறது? வேலை இருக்குதா போச்சான்னா?"

"அதக் கேக்காத. தமிழா கன்னடமான்னு மட்டும் கேளு. ஒரு வாட்டி கேக்காம வுட்டதுக்குப் பட்டது பத்தலயா? நாளைக்குக் காலைல நான் பதில் சொல்லணும்."

பஸ்காரர்கள் கூவுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டேன். அவர் எடுத்தார்.

"சார், லிஃப்ட்ல ஒண்ணு சொன்னீங்களே. முந்தின வர்ஷ, இதே ரூம் தானேன்னு. அது தமிழா சார், கன்னடமா?"

அவர் சிரிப்பது கேட்டது, வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு.

"கன்னடம்மா, கன்னடம்! அந்த வாலை வேற யாரு முடிக்கறது?"

போனை வைத்துவிட்டு அங்கேயே, எல்லாரும் பார்க்க, அழுதேன். என் கணவர் என் தோளைப் பிடித்து, "என்ன சொன்னாரு? சொல்லும்மா, என்ன சொன்னாரு?" என்று உலுக்கினார்.

"கன்னடம்" என்றேன்.

கன்னடம் ஒட்டாத சேலத்துக்காரர் அதைச் சட்டென்று புரிந்துகொண்டார். ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் சாய்ந்து நின்றபடி, குஜராத்துக்கு வரவில்லை என்று தன் கம்பெனிக்கு அங்கேயே தட்டச்சு செய்து அனுப்பினார்.